சுருக்கு வைத்த கவுன்

நம் வகுப்பில் கடைசியாகத் தாவணி போட்டவள் நான்தான். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும். இப்போது நம் எல்லோருக்கும் முட்டி வலி, சர்க்கரை, கண்ணில் புரை. பள்ளிக்கூடத்துத் தோழிகள் குழுவில் காலை வணக்கப் படங்கள் அனுப்பிக்கொள்கிறோம். போன மாதம் ஒருத்தி அதில், "ஏய் சுருக்குப்பை, எப்படி இருக்கே?" என்று கேட்டிருந்தாள். என்னைத்தான். எல்லாரும் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தீர்கள். நானும் ஒன்று போட்டேன். அப்புறம் அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை.

மார்பு முழுக்கச் சுருக்கம் சுருக்கமாகத் தைத்த உடுப்போடு நான் ஏன் அலைந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கே அப்போது தெரியாது. இப்போதும் பாதிதான் தெரியும். அந்தப் பாதியைச் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த சமயம். அப்பாவுக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். மைன்ஸுக்குப் போகும் கம்பெனி பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனதும் எங்கள் குவார்ட்டர்ஸ் அமைதியாகிவிடும். பின்கட்டில் குழாயடியில் நான் துவைத்துக்கொண்டிருந்தேன். நெய்வேலிக் குழாய்த் தண்ணீர் வெயில் காலத்தில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்தபோது பாவாடையில் ரத்தம் இருந்தது. கல்லில் இடித்துக்கொண்டேனோ என்று காலைப் பார்த்தேன். காயம் எதுவும் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா வந்து பார்த்தாள். பார்த்தவள் முதலில் செய்த காரியம் பின்கதவைச் சாத்தியதுதான்.

மூன்று வீடு தள்ளி இருந்த அக்காவுக்கு முந்தின வருஷம் மாசி மாதத்தில் சடங்கு செய்திருந்தார்கள். பந்தல் போட்டு, பச்சை ஓலை கட்டி, தட்டுத் தட்டாகச் சீர் வைத்தார்கள். உளுந்தங்களியை நானும் நல்லெண்ணெய் வழிய வழியச் சாப்பிட்டிருந்தேன். அதனால் கேட்டேன்: "அம்மா, அந்த அக்காவுக்கு வந்துச்சே, அதுவா இது?"

"இல்ல. அது வேற, இது வேற."

"பின்ன இன்னாம்மா?"

"வெயில் சூடு. காலையில வெந்தயம் ஊறவெச்சுத் தரேன், சரியாப் பூடும். ஆனா யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. அப்பாகிட்டயும்தான்."

அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால் நம்பினேன். தினமும் வெறும் வயிற்றில் கசப்பை மென்று விழுங்கினேன். அடுத்த மாதமும் சூடு வந்தது. வெந்தயம் போதவில்லை போலிருக்கிறது என்று நானாக இன்னொரு கை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அம்மா தையலை எடுத்தது, முதல் தடவை பின்கதவைச் சாத்திய அந்த வாரமேதான். எங்கள் வீட்டில் ஜன்னலுக்குக் கீழே ஒரு மிதி மிஷின் இருந்தது. தலையணை உறை, அப்பாவின் லுங்கி, கிழிந்த பை, இவ்வளவுக்குத்தான் அது ஓடும். அம்மாவுக்கு நேர்த்தையலே கோணலாகத்தான் வரும். திடீரென்று என்னையும் கூட்டிக்கொண்டு, இலைப்பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட துணியை மடியில் வைத்துக்கொண்டு, எதிர் குவார்ட்டர்ஸ் அக்காவிடம் போனாள். அந்த அக்கா திருநெல்வேலிப் பக்கம். அவர் வீட்டுக்காரர் பவர் ஹவுஸில் வேலை. ஊரே அந்த அக்காவிடம்தான் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்.

"குழந்தைங்க கவுனுக்கு மார்ல சுருக்கு வெச்சுத் தெப்பியே, அது எனக்குக் கத்துக்குடேன்" என்றாள் அம்மா.

"யாருக்கு அக்கா? ஊர்ல இருந்து சின்னப் பிள்ளை யாரும் வந்திருக்கா?"

"இவளுக்குத்தான்."

அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவளுக்கா? இவ தாவணி போடுத வயசுல்லா வரப் போகுது?"

"அது வரும்போது வரட்டும். இன்னும் சின்னப் பொண்ணுதானே" என்று அம்மா சிரித்தாள். அது அம்மாவின் சிரிப்பே இல்லை. கல்யாண வீட்டில் பிடிக்காதவர்களுக்குச் சந்தனம் நீட்டும்போது வருகிற சிரிப்பு அது.

அந்தத் தையலை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேல்நூல் சாதாரண நூல். கீழ்நூல் சுற்றும் பாபினில் மட்டும் எலாஸ்டிக் நூல். அது இங்கே கிடைக்காது. அக்காவின் தம்பி பாண்டியிலிருந்து வாங்கி வந்து கொடுத்திருந்தான். வெள்ளையாக, இடியாப்பம் போல் இருக்கும். அதை மிஷினில் சுற்றக்கூடாது, கையால்தான் சுற்ற வேண்டும்.

"இழுத்துச் சுத்திராதிய அக்கா. சும்மா தளர்வா விடுங்க. இங்கன இழுத்தா அங்கன சுருங்காது" என்றார் அக்கா.

அம்மா இழுத்துத்தான் சுற்றினாள். முதல் துண்டு சுருங்கவே இல்லை, வாழையிலை போல் படுத்துக் கிடந்தது. இரண்டாவது துண்டில் நூல் அறுந்து எல்லாச் சுருக்கமும் ஒரு மூலைக்கு ஓடிப்போயிற்று. மூன்றாவதில்தான் பிடிபட்டது. தையலை நீளமாக வைத்து, துணியின் குறுக்கே ஒரு வரிசை. அப்புறம் துணியை அழுத்தும் மிஷின் காலின் ஓரத்தை அந்த வரிசை மேல் வைத்து அடுத்த வரிசை. ஏற்கனவே சுருங்கிய துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டே தைக்க வேண்டும். கையை விட்டால் சட்டென்று சுருண்டுகொள்ளும். எல்லாம் முடிந்ததும் அக்கா ஒரு கை தண்ணீர் தெளித்து, கரி போட்ட இஸ்திரிப்பெட்டியைத் துணிமேல் படாமல் காட்டினார். ஆவி ஏறியதும் அந்தத் துணி என் கண் முன்னாலேயே மெல்ல மெல்லக் குறுகிற்று. உயிருள்ள ஒன்று உடம்பைச் சுருக்கிக்கொள்வது போல இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அம்மாவுக்குச் சந்தோஷம் இல்லை. என் மேல் வைத்துப் பார்த்தாள். "இன்னும் கீழ வரைக்கும் வரணும்" என்றாள்.

"வயித்து வரைக்குமா அக்கா?"

"இடுப்பு வரைக்கும் வேணும்."

எதிர் அக்கா பாபினில் இன்னும் கொஞ்சம் நூலைச் சுற்றிக் கொடுத்தார். அவருக்கு அன்றைக்கே புரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. புரிந்து என்ன, அவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பச்சைக் கவுன் அழகாகத்தான் இருந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை வரிசை வரிசையாகச் சுருக்கம். கீழே குடை மாதிரி விரிந்த பாவாடை. போட்டுக்கொண்டால் எனக்கு மார்பு, இடுப்பு என்று எதுவும் வெளியே தெரியாது. எல்லாம் ஒரே கொசுவம். வேர்வையில் ஒவ்வொரு வரிசையும் தோலில் சீப்பை அழுத்தியது போல் தடம் பதிக்கும். கழற்றிவிட்டு அந்தத் தடங்களைத் தடவிப் பார்ப்பேன். கொடியில் காயப்போட்டால் பவர் ஹவுஸ் சாம்பல் தூசி சுருக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், உதறினாலும் போகாது. அம்மா அதே மாதிரி இன்னும் சில தைத்தாள். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையிலும் அந்தச் சுருக்கை வைத்தாள். நீங்கள் எனக்குப் பெயர் வைத்தது அதைப் பார்த்துத்தான்.

என் அப்பாவுடன் பிறந்த அக்கா, அத்தை, காடாம்புலியூரில் இருந்தாள். முந்திரித் தோப்பும் இரண்டு பலாமரமும் உண்டு. அவளுக்கு ஒரே மகன். நான் தொட்டிலில் கிடந்தபோதே, "இவதான் எம் மருமவ" என்று அத்தை சொல்லிவிட்டாளாம். அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருப்பார். வைகாசி பிறந்ததும் பலாப்பழத்தைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அத்தை வந்து இறங்கினாள். வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்னே என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னாடி இது, மாரு மேல கொசுவம் கொசுவமா வெச்சிக்கினு நிக்கிறா?"

"புது மாதிரி, அண்ணி. இப்ப எல்லாரும் இப்பிடித்தான் போடுறாங்க" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

அத்தை இரண்டு விரலால் சுருக்கத்தைப் பிடித்து இழுத்து விட்டாள். அது பட்டென்று என் மேல் அடித்தது. "கூட படிச்சதெல்லாம் வயசுக்கு வந்து உக்காந்துடிச்சி. இவ இன்னும் ஆவலியா?"

"இல்ல அண்ணி."

"ஏன் ஆவல? சோறு போடுறியா இல்லியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சூடு என்கிறாள் அம்மா. எல்லாருக்கும் வருவது எனக்கு வரவில்லை என்கிறாள் அத்தை. அப்படியானால் எனக்கு இரண்டு நோய். வர வேண்டியது வரவில்லை, வரக் கூடாதது வருகிறது. யாரிடம் கேட்பது? அன்று சாயங்காலம் அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் அத்தை அவரிடமும் சொன்னாள். அப்பா என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "ஆஸ்பத்திரில லேடி டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிடலாம். ஒங்க ஊர் திருவிழா முடியட்டும்" என்றார்.

அடுப்படியில் அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எடுத்துக் கழுவாமலே மறுபடி குழம்பில் போட்டாள்.

திருவிழாவுக்கு நாங்கள் எல்லோரும் காடாம்புலியூர் போனோம். அம்மா எனக்கு அந்தப் பச்சைக் கவுனைத்தான் போட்டுவிட்டாள். முந்திரி முடிகிற நேரம். தோப்பில் உதிர்ந்த பழங்கள் கிடந்து புளித்து, மூக்கை அடைக்கும் மணம். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை வீசியிருப்பார்கள். நான் பழம் பொறுக்கித் தின்றுகொண்டே உள்ளே போய்விட்டேன். வயிற்றை இழுத்துப் பிடித்தது. அம்மா நாள் கணக்கு வைத்துத்தான் அழைத்து வந்திருந்தாள், ஆனால் என் உடம்பு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை.

"ஏய், நில்லு" என்று பின்னாலிருந்து சத்தம் கேட்டது. அத்தை. என் கவுனின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பயந்துபோய்ச் சொன்னேன்: "அது ஒண்ணுமில்ல அத்தை. வெயில் சூடு. வெந்தயம் சாப்பிட்டா சரியாப் பூடும்."

அத்தை என் முகத்தையே பார்த்தாள். "யாரு சொன்னா சூடுன்னு?"

"அம்மா."

"எப்பலேர்ந்து இந்தச் சூடு?"

"பரீட்சை முடிஞ்சதுலேர்ந்து."

அத்தை பக்கத்தில் வந்து, அன்றைக்கு இழுத்து விட்ட அதே சுருக்கத்தைத் தொட்டாள். இந்தத் தடவை இழுக்கவில்லை. ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டிக் கீழே இடுப்பு வரை வந்தாள்.

"இத்த ஒங்கம்மாவா தெச்சா? அவுளுக்கு ஒரு பட்டன் தெக்கத் தெரியாதே."

"எதிர்வீட்டு அக்காகிட்ட கத்துக்கிச்சு."

"கண்ணு நோவ நோவ ஒக்காந்து தெச்சிருப்பா" என்றாள் அத்தை. கோபமா, பரிதாபமா, எனக்குத் தெரியவில்லை. அப்புறம் என்னைப் பம்புசெட் ஓரம் கூட்டிப்போய்க் கழுவிவிட்டு, மடித்த வேட்டித் துண்டு ஒன்று கொடுத்தாள். கவுனை அலசினாள். அலசிய பிறகு அவள் செய்ததுதான் எனக்கு இன்றுவரை கண்ணில் நிற்கிறது. கீழே கிடந்த சிவப்புப் பழங்களாகப் பொறுக்கி வந்து, அந்தக் கவுனின் பின்பக்கத்தில் வைத்துக் கையாலேயே கசக்கினாள். சாறு சொட்டச் சொட்டத் தேய்த்தாள்.

"அத்தை, கறை ஆயிடுமே. அம்மா திட்டுமே!"

"ஆவட்டும். முந்திரிக் கறை செம்மத்துக்கும் போவாது. பழத்து மேல வழுக்கி உக்காந்துட்டேன்னு சொல்லு." கவுனை உதறி என்னிடம் கொடுத்தாள். "நான் பாத்தது ஒங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது. புரிஞ்சிதா?"

புரியவில்லை. புரிந்தது என்று தலையாட்டினேன். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா வைத்த ரகசியம் ஒன்று. அம்மாவுக்குத் தெரியாமல் அத்தை வைத்த ரகசியம் இன்னொன்று. இரண்டும் என்னைப் பற்றியது. இரண்டுமே என்னவென்று எனக்குத் தெரியாது.

அம்மா கவுனைப் பார்த்ததும் முதுகில் ஓர் அடி வைத்தாள். "எவ்ளோ பாடுபட்டுத் தெச்சேன்! கண்ணத் தொறந்துகினு நடக்க மாட்டியா?" அழுகிற குரலில்தான் அதைச் சொன்னாள். அத்தை வாசலில் பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தவள், எண்ணெய்க் கையை உயர்த்தி, "வுடுடி. கறைதானே. வேற தெச்சிக் குடு" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "தம்பி, அந்த டாக்டர்கிட்டல்லாம் இட்டுக்கினு போவாத. நம்ம வூட்டுப் பொண்ணுங்க லேட்டாத்தான் ஆவோம். நானே கடைசியாத்தான் உக்காந்தேன், மறந்துட்டியா?" என்றாள். அப்பாவுக்கு அது எங்கே நினைவிருக்கப் போகிறது? "சரிக்கா" என்றார். அம்மா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

நெய்வேலிக்குத் திரும்பியதும் அம்மா கறைபட்ட கவுனை வெட்டி மிஷினுக்கு மேலுறை தைத்தாள். சுருக்கம் வைத்த பாகம் மிஷினின் கழுத்தைச் சரியாகக் கவ்விப் பிடித்துக்கொண்டது. அப்பா ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது மிஷின் போயிற்று, உறையும் போயிற்று.

எட்டாவதில் அறிவியல் டீச்சர் பாடம் நடத்தியபோதும், நீங்கள் எல்லாம் மூலையில் கூடிக் குசுகுசுவென்று பேசியபோதும் எனக்கு மெல்லத் தெரிந்துவிட்டது, அது சூடு இல்லை என்று. ஆனால் தெரிந்ததும் இன்னும் குழப்பம்தான். எல்லா அம்மாக்களும் பந்தல் போட்டுச் சொல்லும் ஒன்றை என் அம்மா ஏன் ஒளித்தாள்? என்னைப் பார்க்க அவளுக்கு வெட்கமா? என்னிடம் ஏதோ கோணல் இருக்கிறதா? வீட்டில் கேட்கவில்லை. புதிது புதிதாகச் சுருக்கு வைத்த உடுப்பு வந்தது, போட்டுக்கொண்டேன். நீங்கள் தாவணி முனையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே நடந்தீர்கள், நான் பின்னே வந்தேன்.

பத்தாவது பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்த மறுநாள், அம்மா அப்பாவிடம் போய், "பொண்ணு பெரியவளாயிட்டா" என்றாள். முகத்தில் அப்படி ஒரு பொலிவு. பந்தல் போட்டார்கள். எதிர் அக்கா வந்து முதல் தாவணியை மடித்துக் கொசுவி விட்டார். அத்தை வந்தாள். மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றியவள் அவள்தான். "அப்பாடா, இப்பவாச்சும் ஆனியே" என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். ஒரு துளிக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த தை மாதம் அத்தை தன் மகனுக்குச் சேத்தியாத்தோப்பில் பெண் எடுத்தாள். அப்பாவுக்கு வருத்தம். அம்மா அந்தக் கல்யாணத்தில் எல்லாரையும் விட அதிகமாக ஓடியாடி வேலை செய்தாள். நான் மேலே படித்தேன். டீச்சர் வேலைக்குப் போனேன். மற்றது உங்களுக்குத் தெரியும்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். எண்பது தாண்டிவிட்டது, காது கூர்மை. அந்தச் சுருக்குப்பை விஷயம் குழுவில் வந்த அன்று அவளிடமே கேட்டேன்: "ஏம்மா அப்பிடிப் பண்ணின?"

"அந்த மூணாவது வீட்டுப் பொண்ணு நெனவிருக்கா? மாசியில சடங்கு, ஆனியில கல்யாணம். மணவறையில ஒக்காந்துகினு தூங்குச்சுடி அது. அத்தப் பாத்துட்டு வந்தேன். நீ பெரியவளாயிட்டேன்னு தெரிஞ்சா ஒங்க அத்தை அடுத்த பஸ்ல வந்து தாம்பாளத்த வெச்சிருப்பா. ஒங்கப்பா வாயத் தொறந்து வேணாம்னு சொல்லுவாரா? எனக்கு வேற இன்னா தெரியும்? சுருக்கு வெக்கத்தான் தெரிஞ்சிது."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"கொழந்த, ஒளறிட்டேன்னா?"

அப்போதுதான் சொன்னேன். தோப்பில் நடந்தது, பம்புசெட், பழத்தைக் கசக்கியது, எல்லாம். "அத்தைக்கு அன்னிக்கே தெரியும்மா."

அம்மா என்னை வெறித்துப் பார்த்தாள். "பொய் சொல்லாத."

"சத்தியமா."

தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்போ அவ்ளோ வரிசை நான் எதுக்குடி தெச்சேன்?"

 அத்தை எங்களுக்காக விட்டுக் கொடுத்தாளா? அல்லது அதற்கு முன்பே சேத்தியாத்தோப்பில் பெண் பார்த்து வைத்திருந்தாளா? அம்மா அவளிடம் நேராகவே கேட்டிருந்தால் அந்த வருஷங்கள் வேறு மாதிரி போயிருக்குமா, அல்லது என் படிப்பே போயிருக்குமா?

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு காடாம்புலியூர் போயே ஆகவேண்டும் என்றாள். கார் வைத்துப் போனோம். அத்தைக்குத் தொண்ணூறு இருக்கும். கட்டிலில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். பேரனின் பெயரை மகனுக்கும் மகனின் பெயரைப் பேரனுக்கும் மாற்றி மாற்றிச் சொன்னாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இவ பெரியவளானது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எப்பன்னா? நான்தானே தண்ணி ஊத்தனேன். பெரிய பரிச்ச எழுதிட்டு வந்தா. நல்ல வெயிலு அன்னிக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி இன்னா முன்னாடி? இன்னும் ஆவவே இல்லியேன்னு நான் சாமிய வேண்டிக்கினு கெடந்தேன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியா? நீயா எதையோ நெனச்சிக்கினு சொல்ற" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் பின்கட்டுக்கு எழுந்து போனாள்.

நான் அத்தையின் காதருகே குனிந்தேன். "அத்தை, நெசமாவே மறந்துட்டீங்களா?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. பின்கட்டு வாசலைப் பார்த்தாள்.

"ஒங்கம்மா வந்துடப் போறா" என்றாள். "சும்மா இரு."

எதைப் பற்றிச் சொன்னாளோ தெரியவில்லை. கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு அம்மா வந்தாள். நான் சும்மா இருந்தேன்.